மார்கழியில் நாவலாசிரியரின் மேசை: புத்தகக் காட்சிக்குத் தராமல் நூலை நிறுத்திவைத்தது சரிதானா?

சிறுவீடு | டிசம்பர் 20, காலை 5.40

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பித்துக்கொண்டு, விடியுமுன் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் நாவல் எழுதிவருபவள் நான். மூன்று நாவல்கள் வெளிவந்துவிட்டன. நான்காவது, வரும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருவதாக இருந்தது. அட்டை தயாராகி, அறிவிப்பும் வெளியான நிலையில், மூன்று நாள்களுக்கு முன் பதிப்பாளரை அழைத்து, இந்த ஆண்டு வேண்டாம், நிறுத்திவையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, சற்று நேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. நான் செய்தது சரிதானா என்று எழுதுகிறவர்களிடமும் நூலாக்கத்தில் இருப்பவர்களிடமும் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மார்கழியில் என் நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். நாலேகாலுக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடுவேன். எங்கள் பக்கத்தில் சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிக் கோலத்தின் நடுவில் வைப்பார்கள். வெயில் ஏறியதும் அதை எடுத்து, பூவோடு சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, மாதம் முழுவதும் சேர்ப்பார்கள். பொங்கல் கழிந்து தை மாதத்தில் ஒரு நாள், பிள்ளைகள் முற்றத்தில் களிமண்ணால் கட்டிய சிறுவீட்டின் முன்னால் பொங்கலிட்டு, அந்த வறட்டிகளை ஆற்றில் விடுவார்கள். என் மகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டாலும் இந்த வழக்கத்தை நான் விடவில்லை. கோலம் முடிந்து ஐந்து மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் ஆறரை வரை எழுத்து. பிறகு சமையல், பள்ளிக்கூடம், மாலையில் வீட்டு வேலை. இரவில் எழுத முடிவதில்லை. எழுதினாலும் மறுநாள் அடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

டிசம்பர் பிறந்ததும் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். அரையாண்டுத் தேர்வு நடப்பதால் மேசையின் இடப்பக்கம் 84 விடைத்தாள்கள் கட்டாக இருக்கும். வலப்பக்கம் நாவலின் மெய்ப்பு இருக்கும்: 320 பக்கம், அதாவது பதினாறு பக்கத்துக்கு ஒன்றாக 20 ஃபாரம். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பேனா. பிள்ளைகளின் விடைத்தாளை வேகமாகத் திருத்தினால் மதிப்பெண் பிழையாகும், மெய்ப்பை வேகமாகத் திருத்தினால் நூல் பிழையாகும். ஆனால் இரண்டையுமே வேகமாக முடிக்கும்படி தேதி குறித்திருந்தார்கள்.

இனி, நிறுத்தியதற்கான காரணம். டிசம்பர் 15 காலையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தடிப் புதரிலிருந்து ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை கேட்டது. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூப்பிடுவதால் அதற்கு அந்தப் பெயர். மழைக்காலத்தில் தெற்கே வந்து, கோடை முற்றுவதற்குள் வடக்கே போய்விடும் பறவை அது. அந்தக் குரலைக் கேட்ட மகிழ்ச்சி அடங்குமுன்னே எனக்குத் திக்கென்றது. என் நாவலில் ஒரு குளத்து மடையைப் பார்த்துக்கொள்ளும் நீர்பாய்ச்சிக் குடும்பம் வருகிறது. அந்தக் குடும்பத்துக் கிழவர் ஆடி மாதத்து விடியலில் ஆறுமணிக்குருவியின் குரலுக்கு எழுந்து, மடையைத் திறக்கப் போவதாக மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்கியிருந்தேன். ஆடியில் அந்தக் குருவி எங்கள் ஊரில் இருக்காது. பத்து ஆண்டுகளாகப் பறவை பார்த்துவருகிற நான் இதை எழுதி, நான்கு முறை படித்தும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

பறவையின் பெயரை மாற்றினால் போதாதா என்று பதிப்பாளர் கேட்டார். போதாது. கிழவர் கடைசி அத்தியாயத்தில், காது மந்தமான பிறகு, அந்தக் குரல் கேட்காததால் எழுந்திருக்காமல் படுத்திருக்கிறார். மடை திறக்கப்படாமல் இருப்பது அதனால்தான். மூன்றாம் அத்தியாயமும் நாவலின் முடிவும் அந்தக் குரலில் கட்டப்பட்டிருக்கின்றன. காலத்தை ஆடியிலிருந்து கார்த்திகைக்கு மாற்றினால் குளத்தின் நீர்மட்டம் மாறும், வயலில் நிற்கும் பயிரின் வயது மாறும், கிழவர் செய்யும் வேலையே மாறும். மிச்சமிருந்த ஒன்பது நாள்களில், 84 விடைத்தாள்களுக்கு நடுவே, அதை என்னால் செய்ய முடியாது.

ஒற்றுப்பிழை | டிசம்பர் 20, இரவு 9.15

டீச்சர், நீங்கள் செய்தது சரி என்றே கருதுகிறேன். சென்னையில் பதினெட்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை எங்களுக்கு இரவு பகல் தெரியாது. ஆண்டு முழுவதும் பரவலாக வரவேண்டிய நூல்கள் ஆறு வாரத்துக்குள் வந்து குவிகின்றன. பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது புகுகிற பிழைகளை மட்டுமே களைவதற்கு ஒரு முழு வாசிப்பு வேண்டும். காலுக்குப் பதில் ரகரம் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினியில் தேடினால்தான் அகப்படும். ஔகாரம் வரவேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியே நிற்கும். பக்கம் வடிவமைத்த பிறகு பார்த்தால், சொல் வரி இறுதியில் உடைந்து, புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக வந்து நிற்கும். இவையெல்லாம் இயந்திரம் செய்பவை. இவற்றுக்குப் பிறகுதான் ஆசிரியரின் ஒற்றுகளுக்கே வருகிறோம்.

அதற்கும் அடுத்த வாசிப்பு ஒன்று உண்டு. நீங்கள் கண்டுபிடித்த குருவியைப் போன்ற பிழைகள் அந்த வாசிப்பில்தான் அகப்படும். செவ்வாய்க்கிழமை என்று தொடங்கிய நாள் எட்டுப் பக்கம் கழித்து வெள்ளிக்கிழமையாக இருப்பது, அத்தையின் பெயர் பாதியில் மாறுவது, அமாவாசை இரவில் நிலா காய்வது ஆகியவற்றை நானே பல நூல்களில் பிடித்திருக்கிறேன். ஆனால் டிசம்பர் 20க்குப் பிறகு கைக்கு வரும் நூல்களில் அந்த வாசிப்புக்கு நேரம் கிடைத்ததே இல்லை. ஒரு நூலில் பிழை இருப்பது தெரிந்தும், அச்சகத்தில் தட்டு ஏறிவிட்டது என்ற பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். மறுநாள் வேலை ஓடுவதில்லை.

பதினாறு பக்கம் | டிசம்பர் 21, காலை 11.00

சிறிய பதிப்பகம் ஒன்றில் தயாரிப்பு வேலையைப் பார்ப்பவன் நான். டீச்சரின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் பதிப்பாளரின் அந்த மௌனத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்பதை எங்கள் பக்கத்திலிருந்து யாராவது சொல்ல வேண்டும்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கியது. இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், பெரும்பாலும் பொங்கல் விடுமுறையை உள்ளடக்கி நடக்கிறது. சிறிய பதிப்பகங்களுக்கு ஆண்டின் மற்ற மாதங்களில் கையில் ரொக்கம் புழங்குவதே அரிது. கடைகளுக்குக் கொடுத்த நூல்களுக்குப் பணம் வர மாதக்கணக்காகும். நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை எப்போது வரும், எத்தனை படிகளுக்கு வரும் என்பது நம் கையில் இல்லை. புத்தகக் காட்சியில் மட்டும் வாசகர் நேரே வந்து, 10 சதவீதத் தள்ளுபடி போக மீதியைக் கையில் கொடுத்துவிட்டு நூலை எடுத்துச்செல்கிறார். தாள் கடைக்காரருக்கும், அச்சகத்துக்கும், பைண்டருக்கும், அட்டை வரைந்தவருக்கும் பாக்கி தீர்வது அந்தப் பணத்தில்தான். புதிய நாவல் ஒன்று அரங்கில் இருந்தால், அதை வாங்க வருபவர் பழைய நூல்கள் இரண்டையும் சேர்த்து எடுப்பார். ஆகவே நூல் ஒன்று குறைந்தால் எங்களுக்கு ஏற்படும் இழப்பு ஒரு நூலோடு முடிவதில்லை.

அந்தத் தேதி தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 2016 ஜனவரியில் நடக்கவேண்டிய காட்சி ஜூன் மாதத்துக்குப் போனது. எங்கள் கிடங்கில் இடுப்பளவு நீர் நின்றது. கட்டுக்கட்டாக இருந்த நூல்கள் ஊறிப் பருத்து, கயிறு அறுத்துக்கொண்டு கிடந்த காட்சியை மறக்க முடியாது. கொரோனாக் காலத்தில் 2021இலும் 2022இலும் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அந்த மூன்று முறையும் பொங்கலுக்கு ஊழியர்களுக்குக் கொடுக்கப் பணம் புரட்டியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முன்பு 1,000 அல்லது 1,200 படிகள் அச்சிட்டாக வேண்டும்; இப்போது தேவைக்கேற்ப 100 படிகள்கூட அச்சிடலாம். அதனால் முதல் 100 படிகளைக் கொண்டுவந்துவிட்டு, அடுத்த அச்சில் திருத்திக்கொள்ளலாம் என்ற வழி டீச்சருக்கு இருந்தது. அதை அவர் ஏன் ஏற்கவில்லை என்று அறிய விரும்புகிறேன்.

சிறுவீடு | டிசம்பர் 21, இரவு 8.30

பதினாறு பக்கம் ஐயா அவர்களுக்கு. அந்த வழியைப் பதிப்பாளரும் சொன்னார். முதல் 100 பேர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். என்னுடைய மூன்று நாவல்களையும் படித்தவர்கள், அரங்கு திறந்த முதல் நாளே கேட்டு வருபவர்கள், வெளியூரிலிருந்து வண்டி ஏறி வருபவர்கள். மிகுந்த அன்போடு வருபவர்களுக்குப் பிழையுள்ள படியைக் கொடுத்துவிட்டு, பின்னால் வருபவர்களுக்குத் திருந்திய படியைக் கொடுப்பது என்னால் இயலாது. 400 ரூபாய் விலையுள்ள நூல் 300 படிகள் விற்றால், 10 சதவீத உரிமைத்தொகையாக எனக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு அது இல்லாமலும் பொங்கல் வரும். உங்கள் ஊழியர்களின் நிலை அப்படியில்லை என்பதை நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் முழுவதுமாக உணர்ந்தேன். பதிப்பாளரை நாளை மீண்டும் அழைத்து, என் பழைய நாவல்களுக்காகக் காட்சியில் இரண்டு மாலைகள் அரங்கில் வந்து உட்காருகிறேன் என்று சொல்லப்போகிறேன்.

ஊசிவால் வாத்து | டிசம்பர் 22, காலை 7.20

பறவை பார்ப்பவன் என்ற முறையில் இந்த இழைக்குள் வந்தேன். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. வந்து இறங்கும் நாள்களில் களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களிலும் மாடிப்படிகளுக்கு அடியிலும்கூட அகப்படும். வயிற்றடியில் சிவப்பு, முதுகில் பச்சை, கண்ணை மூடிய கறுப்புப் பட்டை என்று அத்தனை நிறமிருந்தும், சருகுக்குள் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. குரல் மட்டும் காட்டிக்கொடுக்கும். உங்கள் கிழவர் அதைக் காணாமல் கேட்டு மட்டுமே அறிந்தவர் என்றால், அது மிகச் சரியான தேர்வு.

டீச்சரிடம் ஒரு வேண்டுகோள். பொங்கலை ஒட்டிய நான்கு நாள்களில், 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிவுசெய்தால் போதும். உங்கள் மாவட்டத்தில் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் 2011 முதல் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். குளத்தைப் பற்றிய நாவலை எழுதுகிறவர் அந்த வாரத்தில் குளக்கரையில் நிற்பது நாவலுக்கும் நல்லது என்பது என் எண்ணம். கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் வந்திருக்கும் காலம் அது.

இராப்பத்து | டிசம்பர் 22, பிற்பகல் 3.10

நான் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். திருவரங்கத்தில் வசிக்கிறேன், வங்கி ஊழியன். இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன். இரண்டுமே ஜனவரிக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற தேதி இருந்ததால்தான் முடிந்தன. தேதி இல்லாமல் தொடங்கிய மூன்றாவது நாவல் ஏழு ஆண்டுகளாகப் பரணில் இருக்கிறது. திருத்தம் என்பதற்கு எல்லை கிடையாது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மாற்றத் தோன்றும். அது நாவல் குறைபட்டிருப்பதால் அல்ல, படிக்கிற நாம் மாறிக்கொண்டே இருப்பதால். ஒரு கட்டத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கட்டத்தை நமக்காக யாரோ குறித்துக் கொடுப்பது பெரிய உதவி.

மார்கழியில் எங்கள் வீட்டில் எழுதவே முடியாது. வைகுண்ட ஏகாதசியை நடுவில் வைத்துப் பகல்பத்தும் இராப்பத்துமாக மூன்று வாரம் திருவிழா நடக்கும். சொர்க்கவாசல் திறக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் உறவினர்கள் வந்து, கூடத்தில் பாய்க்கு இடம் இருக்காது. அவர்களில் யாரையும் நான் தொல்லையாக நினைத்ததில்லை. என் நாவல்களில் வரும் பெரியம்மாக்கள் எல்லாரும் அந்தக் கூடத்தில் படுத்தபடி பேசியவர்கள்தான். ஆனால் அந்த மூன்று வாரமும் பேனாவைத் தொட முடிவதில்லை என்பது உண்மை.

அப்போது எனக்குக் கைகொடுப்பது பழைய வால்வு வானொலிகளைப் பழுதுபார்க்கும் பழக்கம். மாடியில் ஒரு மர்ஃபியும் இரண்டு பிலிப்ஸ் பெட்டிகளும் இருக்கின்றன. மின்சாரம் கொடுத்ததும் அவை பேசிவிடா. வால்வுக்குள் இருக்கும் இழை சிவந்து சூடேறும் வரை முதலில் ஒன்றுமே கேட்காது, பிறகு மெல்லிய இரைச்சல், அதன் பிறகே குரல். போன வாரம் ஒரு பெட்டியின் மின்தேக்கியை மாற்றிவிட்டு, விளக்கை அணைத்து, இருட்டில் அந்த இழை சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருபது பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பரணில் இருக்கும் நாவலின் ஒரு பாத்திரத்துக்குப் பெயர் கிடைத்தது. ஏழு ஆண்டுகளில் அந்த நாவலுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி.

டீச்சருக்கு என் கேள்வி இது: புதிய தேதி குறித்துவிட்டீர்களா? குறிக்கவில்லை என்றால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வலிகாமம் | டிசம்பர் 22, இரவு 10.45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுடைய உரையாடலை வாசிக்கையில், ஜனவரி என்ற ஒரு மாதம் உங்கள் எல்லாரையும் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று விளங்குகிறது. எங்களுக்கு அப்படி ஒரு சந்தை இல்லை. எழுதியவரே பெரும்பாலும் அச்சுக்கூலியைக் கொடுத்து, முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அடித்து, வெளியீட்டு விழாவும் வைக்கிறார். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெரியவர்களை அழைத்துக் கொடுக்க, வந்திருப்பவர்கள் காசைக் கடித உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு நூலைப் பெற்றுக்கொள்வார்கள். விழா முடிந்த இரவு, வீட்டில் உறைகளைப் பிரித்து எண்ணி, அச்சகத்துக்குக் கொடுக்கப் போதுமா என்று பார்ப்பதுதான் எங்கள் கணக்கு முடிப்பு. என்னுடைய முதல் நாவலுக்கு அந்த எண்ணிக்கையை என் அம்மாவும் நானும் குப்பி விளக்கில் செய்தோம்; அன்றிரவு மின்சாரம் இல்லை. பற்றாக்குறையை அம்மா தன் சீட்டுக் காசில் நிரப்பினா.

மார்கழியில் எங்களுக்குத் திருவெம்பாவைக் காலம் பத்து நாள். விடியப்புறம் சங்கும், சேமக்கலம் என்ற வெண்கல மணியும் ஒலிக்க ஒழுங்கைகளால் ஆட்கள் போவார்கள். என் எழுத்து நேரமும் அதுதான். சேமக்கல ஓசை தூரத்தில் தொடங்கி, எங்கள் படலையைத் தாண்டி, மறுபடி தூரத்துக்குப் போவதற்குள் ஒரு பந்தி எழுதி முடிப்பேன். அந்தப் பத்து நாளில் எழுதியவற்றை நான் திருத்துவது குறைவு.

தேதியைப் பற்றி ஒரு சொல். எங்களிடம் தேதி இல்லாததால் நூல்கள் நன்றாகத் திருந்தி வருகின்றன என்று சொல்ல முடியாது. காசு சேர்ந்த அன்று அச்சுக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆகவே சரியான நாளுக்காகக் காத்திருக்கும் வாய்ப்பு டீச்சருக்குக் கிடைத்திருப்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். அதை அவர் விடக்கூடாது.

கொடுமுடி | டிசம்பர் 23, காலை 6.50

நான் எழுதுகிறவன் அல்லன், வாசகன் மட்டுமே. ஜனவரியில் சென்னையில் வாங்கிய நூல்களில் பாதியை ஆகஸ்டு வரை பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் எங்களில் பலர். ஈரோட்டில் 2005 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் புத்தகத் திருவிழா நடக்கிறது. மதுரையிலும் நெய்வேலியிலும் வேறு மாதங்களில் நடக்கின்றன. புதிய நாவல் எங்கள் ஊர்ப் பக்கம் ஆகஸ்டில் முதன்முதலாக வந்தால் நாங்கள் பெருமையோடு வாங்குவோம். ஜனவரியில் நூற்றுக்கணக்கான புதிய நூல்களுக்கு நடுவே வரும் ஒரு நாவல் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஆகஸ்டில் வந்தால் தேடி எடுப்போம்.

ஒற்றுப்பிழை | டிசம்பர் 23, பிற்பகல் 1.30

கொடுமுடி நண்பரின் கருத்தை அப்படியே வழிமொழிகிறேன். ஆகஸ்டு நூலுக்கு மெய்ப்பு மே மாதத்தில் வரும். மே மாதத்தில் எங்கள் மேசையில் தூசுதான் இருக்கிறது. டீச்சரின் நாவலைப் பதிப்பாளர் எனக்குக் கொடுத்தால், ஒற்றுக்கு ஒரு முறை, நாளுக்கும் கிழமைக்கும் பயிருக்கும் பறவைக்கும் ஒரு முறை என்று இரண்டு வாசிப்பு செய்து தருகிறேன். இரண்டாவது வாசிப்புக்குக் கூலி வேண்டாம்.

சிறுவீடு | டிசம்பர் 24, காலை 5.20

நேற்றோடு தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் பெரிய பண்டிகை. தெருவெல்லாம் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. நேற்றிரவு பதினொரு மணிக்குக் கீத பவனி வந்து, எதிர்வீட்டு வாசலில் பாடிவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தூக்குவாளியில் வந்துவிட்டன. பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து பனங்கிழங்கும் கரும்பும் அங்கே போகும்.

இராப்பத்து ஐயாவின் கேள்வி என்னை இரண்டு நாள்களாகத் தூங்கவிடவில்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை என் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்போது ஆற்றுப் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். இந்த நாவலின் முதல் வரைவு ஆறு நோட்டுப் புத்தகங்களில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. அன்றே தட்டச்சு செய்து முடித்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் திருத்திவிட்டுச் செய்யலாம் என்று ஐந்து மாதம் தள்ளிப்போட்டிருந்தேன்.

நீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால், மைப்பேனாவால் எழுதிய நான்கு நோட்டுகளில் எழுத்து கரைந்து, பக்கம் முழுவதும் வெளிறிய நீலமாகப் பரவியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய இரண்டு நோட்டுகளில் எழுத்து அப்படியே நின்றது. தாள்களைப் பிரித்தால் கிழிந்துவிடும் என்பதால், நோட்டைக் கொடியில் கவிழ்த்துப் போட்டு, மின்விசிறிக் காற்றில் மூன்று நாள் உலர்த்தி, தேங்காய் துருவும் தட்டையான கரண்டிக் காம்பை ஒவ்வொரு தாளுக்கு அடியிலும் நுழைத்துப் பிரித்தேன். கரைந்த நான்கு நோட்டுகளில் இருந்ததை நினைவிலிருந்து மறுபடி எழுத ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. ஆறுமணிக்குருவிக் காட்சி அந்த நான்கு நோட்டுகளில் ஒன்றில் இருந்தது. முதல் வரைவில் அது கார்த்திகையாக இருந்திருக்குமோ, நினைவிலிருந்து எழுதியபோதுதான் ஆடியாக மாறியதோ என்று இப்போது தோன்றுகிறது. நீலம் பரவிய அந்தப் பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எதையும் படிக்க முடியவில்லை.

ஆகவே, தள்ளிப்போடுவதால் வரும் கேட்டையும் அறிவேன், அவசரத்தால் வரும் கேட்டையும் அறிவேன். நேற்றுப் பதிப்பாளரிடம் பேசி ஒரு தேதியைக் குறித்துவிட்டேன். திருத்திய படி ஏப்ரல் 30, மெய்ப்பு மே, நூல் ஈரோட்டுக்கு. ஒற்றுப்பிழை ஐயா சொன்னதையும் தெரிவித்தேன். ஆனால் இரண்டு வாசிப்புக்கும் உரிய கூலியைப் பதிப்பகம் கொடுக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். நானும் அதையே விரும்புகிறேன். பண்டிகைக் காலத்தில் உறங்காமல் வேலை செய்பவரிடம் இலவசமாக ஒரு வாசிப்பை வாங்கிக்கொண்டு, நேர்மையைப் பற்றி நாவல் எழுதுவது பொருந்தாது.

விடுமுறையைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்கள் எழுதும்போது விடுமுறை என்பது எழுத்துக்குக் கிடைக்கும் நேரம் அன்று. எழுத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் நேரம். வீட்டில் ஆள்கள் கூடக்கூட அடுப்படியில் வேலை கூடுகிறது. பள்ளி நடக்கும் நாள்களில் எனக்கு ஒன்றரை மணி நேரம் உறுதியாகக் கிடைக்கிறது; பொங்கல் வாரத்தில் அதுவும் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் இதை மனத்துக்குள் வைத்துப் புழுங்குவேன். இந்த ஆண்டு வீட்டில் உட்காரவைத்துப் பேசினேன். பொங்கலுக்கு மறுநாளிலிருந்து காலைச் சமையலை என் கணவரும், விடுமுறைக்கு வரும் மகளும் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் காலைகளில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போகப்போகிறேன்.

இராப்பத்து | டிசம்பர் 24, காலை 8.05

தேதி குறித்ததைப் படித்ததும் மனம் நிறைந்தது. பரணில் ஏறி என் நாவலைக் கீழே இறக்கிவிட்டேன். எனக்கும் ஏப்ரல் 30 என்றே வைத்துக்கொள்கிறேன். அன்று இந்த இழையில் இருவரும் கணக்குச் சொல்வோம்.

சிறுவீடு | ஜனவரி 17, காலை 9.40

காட்சியில் இரண்டு மாலைகள் உட்கார்ந்துவிட்டு, பொங்கலுக்கு முந்தைய நாள் ஊர் திரும்பினேன். பழைய நாவல்கள் நன்றாகப் போயின என்று பதிப்பாளர் சொன்னார். புதிய நாவல் எங்கே என்று கேட்டு வந்தவர்களுக்குக் குருவியின் கதையைச் சொன்னேன், யாரும் வருத்தப்படவில்லை. ஒரு பெரியவர் மட்டும், தன் ஊரில் அந்தப் பறவைக்குத் தோட்டக்கள்ளன் என்று பெயர் என்று சொல்லி, என் நோட்டில் தம் கையாலேயே எழுதிக்கொடுத்தார்.

இன்று காலை ஆறு மணிக்குக் குளக்கரையில் மகளோடு நின்றேன். குளம் நிரம்பி வழியும் மறுகால் இன்னும் மெல்லிதாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் 23 வகைப் பறவைகளைக் குறித்தோம். ஊசிவால் வாத்து 40க்கு மேல் இருந்தன. மடைக்குப் பக்கத்தில் நெல் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. கிழவரின் வேலை இந்த மாதத்தில் மடையைத் திறப்பது அன்று, அடைப்பது. அறுவடைக்கு வயலைக் காயவிட வேண்டும் அல்லவா? அவர் குருவியின் குரலுக்கு எழுந்து மடையை அடைக்கப் போகிறார் என்றால், காது கேளாமல் படுத்துவிடும் கடைசி அத்தியாயத்தில் நீர் நிற்காமல் கதிருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை எழுதுவதற்கு முன் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். குளத்து நீர்பாய்ச்சியிடம் கேட்டிருக்கிறேன். நாளை விடியலில் மடையை அடைக்கும்போது பக்கத்தில் நிற்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.